அவர் உடம்புக்குள் ஓடிய பொழுது

என் கணவருக்குக் கண் போன பிறகு எங்கள் வீட்டில் மூண்ட முதல் பெரிய சண்டை தூக்கத்தைப் பற்றியது.

அன்று நான் பள்ளிக்கூடம் விட்டு, கும்மிடிப்பூண்டியில் ரயிலேறி ஆரம்பாக்கத்தில் இறங்கி, வரப்பு வழியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். வாசலில் என் மாமியார் முறத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முறத்தில் ஒன்றும் இல்லை. கோபம் வந்தால் எதையாவது கையில் பிடித்துக்கொள்வது அவர் வழக்கம்.

"காலைல படுத்தவன் இன்னும் எய்ந்துக்கல. மத்தியானம் எய்ப்பி சோறு வெச்சேன். தட்டு மேலயே தூங்கிட்டான். ஆம்பள பொய்து சாயற வரிக்கும் தூங்கினுகீறான், ஊர்ல கேட்டா நான் இன்னா சொல்றது?"

உள்ளே போய்ப் பார்த்தேன். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, நல்ல தூக்கம். நோயாளி தூங்குவதுபோல இல்லை. இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவர் தூங்குவதுபோல இருந்தது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் ஒன்றும் இரண்டுமாகத் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்திருந்தன. நான் திருவள்ளூர்ப் பெண். தாவரவியல் படித்து, கும்மிடிப்பூண்டியில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். அவர் ஆரம்பாக்கத்தில் நெல் பயிரிடும் குடும்பம். பயிர் வேலை பிடிக்காமல் போல்ட்டு, நட்டு செய்யும் ஒரு கம்பெனியில் பிட்டராக இருந்தார். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுவதற்குக் கொதிக்கக் கொதிக்கக் காரநீர் நிற்கும் தொட்டி ஒன்று அங்கே உண்டு. ஒருநாள் அதற்குள் இறக்கிக்கொண்டிருந்த போல்ட்டுக் கூடை, சங்கிலி அறுந்து விழுந்தது. தெறித்த நீர் இரண்டு கண்ணிலும் பட்டது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பல மாதம் பார்த்தார்கள். ஒரு கண்ணை எடுத்தேவிட்டார்கள், மற்றது உள்ளேயே சுருங்கிப்போனது. பகல் வெளிச்சத்துக்கு நேராக முகத்தைத் திருப்பினாலும் அவருக்கு ஒன்றும் தெரியாது.

அந்தத் துக்கத்தை அவர் தாங்கிய விதம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே கிணற்றடிக்குத் தனியாகப் போனார், சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போட்டார், தன் தட்டைத் தானே கழுவினார். "கண்ணுதான போச்சு, மீதியெல்லாம் கீதே" என்பார். ஆனால் இந்தத் தூக்கம் மட்டும் அவர் கைக்கு அடங்கவில்லை.

சில நாள் எல்லோரையும் போலத் தூங்கி எழுவார். பிறகு மெதுவாகக் கெட்டுப்போகும். படுத்தால் தூக்கம் வராது. காலையில் எழுப்பினால் எழ முடியாது. இன்னும் சில நாளில் ராப்பகல் அடியோடு மாறிவிடும். ஊரடங்கிய நேரத்தில் அவருக்குப் பசிக்கும்; எல்லோரும் நாஷ்டா சாப்பிடும்போது கண்ணில்லாத அந்த இமைகள் சொருகும். பிறகு, யாரும் எதுவும் செய்யாமலேயே, தானாகச் சரியாகிவிடும்.

உள்ளூர் டாக்டர் மனக்கவலை என்றார். தூக்க மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டால் அடுத்த நாள் சுவரில் முட்டிக்கொண்டார். மாமியார் அமாவாசைதான் காரணம் என்றார். முதல் தடவை அப்படித்தான் அமாவாசையை ஒட்டி வந்தது. மந்திரிப்பவர் ஒருவரைக் கூட்டிவந்து கையில் கயிறு கட்டவைத்தார். அடுத்த தடவை அது பௌர்ணமி கழிந்து வந்தது. கயிறு கட்டியவர், பிடித்திருக்கும் பேய்க்காற்று ஜாதி மாறியிருக்கிறது என்று சொல்லி இன்னொரு கயிறு கட்டினார்.

"எனக்கே பேஜாராகீது," என்றார் இவர் என்னிடம். "சோம்பேறின்னு சொல்றாங்க, சரி. சோம்பேறிக்கு ராவுல இன்னாத்துக்கு வேல செய்யணும்னு தோணுது?"



அந்த மாதம் ஒன்பதாம் வகுப்பில் செடிகளின் அசைவைப் பற்றிப் பாடம். சூரியகாந்தி திரும்புவது, தொட்டாற்சிணுங்கி சுருங்குவது எல்லாம் சொல்லிவிட்டு, பள்ளி வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம் இருட்டினால் இலையை மூடிக்கொள்ளும் என்றும் சொன்னேன். முதல் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"டீச்சர், இருட்டினதாலதான் மூடுதா? ஐப்பசியில மழ மூட்டம் போட்டு நாளெல்லாம் இருட்டா கெடக்கும்போது மத்தியானத்துல மூடலியே?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கல்லூரியில் இதைப் பற்றி இரண்டு வரி படித்த ஞாபகம் மட்டும் இருந்தது, கண்ணால் பார்த்ததில்லை. "பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

வாய்க்கால் கரையிலிருந்து தொட்டாற்சிணுங்கி இரண்டை வேரோடு பெயர்த்து வந்து, இரண்டு மண்சட்டியில் வைத்து, அவை தேறும்வரை தண்ணீர் ஊற்றினேன். பிறகு ஒன்றைக் கிணற்றடியில் விட்டேன். மற்றதை, காலியாகக் கிடந்த பெரிய மரப்பெட்டிக்குள் வைத்து, இடுக்கில் எல்லாம் துணி அடைத்து, மேலே கம்பளி போர்த்தினேன். பார்க்க வேண்டியபோது கம்பளிக்குள் தலையை நுழைத்து, சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சை ஒரு கணம் அடிப்பேன். கை பட்டால் இலை சுருங்கிவிடும் என்பதால் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வேன்.

"நல்லா கீது ஊடு," என்றார் மாமியார். "ஒருத்தன் பகல்ல தூங்கறான். ஒருத்தி செடிய பொட்டில வெச்சிப் பூட்றா."

முதல் நாள் காலை கிணற்றடிச் செடி இலையை விரித்தது. ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்தேன். கும்மிருட்டில் இருந்த அந்தச் செடியும் இலையை விரித்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் இரண்டும் மூடின. மறுநாளும் அப்படியே. ஒரு துளி வெளிச்சம் இல்லாத இடத்தில், பொழுது விடிந்தது அதற்கு எப்படித் தெரிந்தது?

அதற்கும் அடுத்த நாள் விடியுமுன்பே பார்த்தேன். கிணற்றடிச் செடி இன்னும் கைகூப்பியபடி இருந்தது. பெட்டிக்குள் இருந்தது அதற்குள் விழித்துவிட்டிருந்தது.

என் கணவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அது அவர் இரவில் விழித்திருக்கும் நாட்களில் ஒன்று. "இன்னா டீச்சரம்மா, பொட்டிய தொறக்கறதும் மூட்றதுமா கீறே?" என்றார். ஊரில் எல்லோரும் என்னை டீச்சரம்மா என்பதால் அவரும் கிண்டலாக அப்படித்தான் கூப்பிடுவார்.

நடந்ததைச் சொன்னேன்.

"அதுக்கு யாரு மணி சொன்னா?"

"யாரும் சொல்லலங்க. அதுக்குள்ளயே ஏதோ ஒண்ணு கடிகாரம் மாதிரி ஓடுது. ஆனா கொஞ்சம் வேகமா ஓடுது. வெளிய இருக்கற செடிக்கும் அப்படித்தான் ஓடும்னு நெனைக்கிறேன். ஆனா அத தெனமும் சூரியன் வந்து திருத்தி வெச்சுட்டுப் போகுது. பெட்டிக்குள்ள இருக்கறதுக்குத் திருத்த ஆளில்ல."

அவர் பெட்டி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, இன்றும் என் காதில் இருக்கும் குரலில், மெதுவாகக் கேட்டார்.

"அப்போ என்னுது கொஞ்சம் மெதுவா ஓடுதோ?"

தாவரவியல் படித்தவள் நான். எனக்கு அது தோன்றவே இல்லை.

"ஏன் மெதுவான்னு சொல்றீங்க?"

அவர் ரயில் கணக்குச் சொன்னார். எங்கள் வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் நாலு வயல்தான். கண் போன பிறகு அவருக்கு வண்டிச் சத்தம்தான் பொழுது. "நல்லா கீற நாள்ல விடியக்காலை பாசஞ்சர் வரும்போது தானா முயிப்பு வரும். அப்புறம் அந்த வண்டி போனப்புறம் முயிப்பு வரும். அப்புறம், மெட்ராஸ் போற ஆபீஸ் வண்டிக்கு. அப்புறம் நீ போற வண்டிக்கு. இப்பிடியே பிந்திப் பிந்தி மத்தியானம் கூட்ஸ் வர்ற நேரம் ஆயிடுது. முந்தி வந்ததே இல்ல. எப்பவும் பிந்தறதுதான். சுத்தி முடிச்சா மறுபடியும் விடியக்காலை பாசஞ்சர்."

"இத ஏன் இத்தினி நாளா சொல்லல?"

"நீ கேக்கல. எனக்கும் இன்னிக்கிதான் கோத்து வருது."

அப்போது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய சந்தோஷம்தான். கட்டிய கணவனின் கஷ்டம் அது. ஆனாலும் ஒரு புதிர் கண் முன்னால் அவிழும்போது மனம் துள்ளத்தான் செய்கிறது. அவருக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து, பொழுது நன்றாக விடியும்வரை பேசினோம். ரேடியோவில் மணி சொல்கிறார்கள், செய்தி வருகிறது, கோழி கூவுகிறது, அம்மா திட்டுகிறார்; அவருக்கு நேரம் தெரியாமல் இல்லை. தெரிந்தும் உடம்பு கேட்கவில்லை. அப்படியானால் உடம்புக்குள் இருக்கும் அந்தக் கடிகாரத்துக்குக் காது கிடையாது, கண் வழியாக வரும் வெளிச்சம்தான் அதற்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. கண் பார்ப்பதற்கு மட்டுமல்ல, வேறு ஏதோ வேலையும் செய்துகொண்டிருந்திருக்கிறது.

"எனக்கும் ஒரு பொட்டி செய்யி," என்றார். "யாரும் எய்ப்பக்கூடாது, யாரும் படுன்னு சொல்லக்கூடாது. தூக்கம் வந்தா தூங்கறேன், பசிச்சா துன்றேன். இன்னா ஆவுதுன்னு பாப்பம்."

மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. "பேய் துன்ற நேரத்துல சோறு போடுவனா? ஊட்டுக்கு ஆவாது." நான் என் வசதிக்கு ஏதோ செய்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம். கடைசியில் அவருடைய அமாவாசையை வைத்தே பேசினேன்.

"அத்தை, அமாவாசையோ காத்தோ, அது எந்த நாள்ல வரும்னு மந்திரிக்கறவர் சொன்னாரா?"

"வந்தப்புறம்தான் சொல்வாரு."

"நாங்க ரயில் கணக்க வெச்சு முன்னாடியே சொல்றோம். இன்னியிலருந்து மூணாவது வாரச் சந்தை அன்னிக்கு அவரு விடியக்காலை பாசஞ்சருக்கு தானா எழுந்திருப்பாரு. அதுவரைக்கும் ஒண்ணும் சொல்லாதீங்க."

அந்த வாரங்களில் நான் அடைந்த பதற்றம் என் சொந்தப் பரீட்சைக்குக்கூட அடைந்ததில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டு நாங்கள் படுத்துவிடுவோம்; அவர் தன் வேளைக்கு எழுந்து, போட்டுச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிடுவார். யாரும் அதட்டாததால் முகம் தெளிந்தது. பெட்டிச் செடி வெளிச்சம் இல்லாமல் சோர்ந்து போனதால் அதை வெளியே எடுத்து வைத்தேன். இரண்டே நாளில் அது கிணற்றடிச் செடியோடு சேர்ந்து விழிக்க ஆரம்பித்தது. அதை அவரிடம் சொல்லவா வேண்டாமா என்று யோசித்தேன். சொன்னேன். "அதுக்குக் குடுத்து வெச்சிருக்கு," என்றார். அவ்வளவுதான்.

மூன்றாவது சந்தைக்கு முந்தின நாளே அவர் பாசஞ்சர் சத்தத்துக்குச் சற்று முன்பின்னாக எழுந்து, வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் நின்றார். எங்கள் கணக்கு ஒரு நாள் தவறிவிட்டது. மாமியார் அதைத் தவறாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைத் தடவினார்.

"அப்போ நீ சோம்பேறி இல்லியா, நைனா?"

"இல்லம்மா. லேட்டு, அவ்ளோதான்."

அடுத்த முறை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கண் டாக்டரிடம் இதைச் சொன்னோம். அவர் நிதானமான மனிதர். பாதியில் வெட்டாமல் முழுக்கக் கேட்டார். "நான் படித்ததில் இது இல்லை. ஆனால் இல்லை என்று சொல்லவும் எனக்குத் தெரியாது," என்றார். ரயில்களைப் பற்றித் திருப்பித் திருப்பிக் கேட்டார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, வெளியே நோயாளிகள் காத்திருந்த வராந்தாவுக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். அங்கே பார்வையில்லாதவர்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் போய், தூக்கம் எப்படி என்று கேட்டார். ஒருவர் நன்றாகத் தூங்குவதாகச் சொன்னார். அவருக்கு வெளிச்சம் மட்டும் கொஞ்சம் தெரியுமாம். இன்னொருவருக்கும் அப்படியே.

கடைசியில் மீஞ்சூர் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள். நடுத்தர வயது. அம்மை போட்டுச் சின்ன வயதிலேயே இரண்டு கண்ணும் போனவர். டாக்டர் கேட்டதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். கூட வந்த தம்பி சொன்னார்: "அத ஏன் சார் கேக்குறீங்க. மாசத்துல பாதி நாளு பகல்ல தூங்கும். அடிச்சுக்கூட பாத்தாரு எங்கப்பா. மாறல."

என் கணவர், குரல் வந்த பக்கம் நகர்ந்து, தரையில் உட்கார்ந்தார். "ஏம்மா, கொஞ்சங் கொஞ்சமா பிந்துதா?"

அந்த அம்மாள் தலையைத் தூக்கினார். "ஆமா. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கும் அதே."

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசியதை எங்களால் நிறுத்த முடியவில்லை. எந்த வேளையில் பசிக்கும், எந்த நாளில் தலை கனக்கும், விருந்தாளி வந்த வீட்டில் எப்படி நடிப்பது என்றெல்லாம். அந்த அம்மாள் அழுதார், நடுவில் சிரித்தார். "எனக்கு மட்டும்தான் இந்தச் சாபம்னு நெனச்சினுருந்தேன்," என்று அவர் சொன்னபோது டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொள்வதுபோல மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மருந்து இல்லை என்று எங்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். தூக்க மாத்திரையை நிறுத்தச் சொன்னார். அந்தத் தம்பியைத் தனியே அழைத்து நீண்ட நேரம் பேசினார்.

வேலைதான் அடுத்த பிரச்சினை. வீட்டில் சும்மா உட்கார அவரால் முடியாது. பழைய கம்பெனியில், போல்ட்டின் திருகு மரையைக் கையால் தடவிப் பார்த்துப் பழுதானதை ஒதுக்கும் வேலை கொடுக்கத் தயாராக இருந்தார்கள். ஆனால் காலையில் வரவேண்டும் என்றார்கள். காலை அவருக்குச் சில வாரம் காலையாக இருக்கும், சில வாரம் நடுராத்திரியாக இருக்கும். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

அவரே ஃபோர்மேனிடம் போனார். நானும் கூடப் போனேன்.

"சார், மூணு ஷிப்டு ஓடுதுல்ல. எனக்கு ரெண்டு வாரம் காலை, அப்புறம் ரெண்டு வாரம் சாயங்காலம், அப்புறம் நைட்டு. அதே மாதிரி சுத்திக்கினே போட்டா நான் ஒரு நாள்கூட லீவு கேக்கமாட்டேன்."

ஃபோர்மேன் முதலில் கேலி என்று நினைத்தார். "யோவ், நைட் ஷிப்டு மாத்தி மாத்தி போட்டா ஆளுங்க யூனியனுக்கு ஓடறானுங்க. வயிறு கெடுது, தல சுத்துதுன்னு. நீ வந்து கேட்டு வாங்கறியா?"

"அவங்கள சூரியன் புடிச்சு வெச்சினுகீது சார். என்ன புடிக்க ஆளில்ல."

போட்டுப் பார்ப்போம் என்றார் ஃபோர்மேன். நாங்கள் கும்மிடிப்பூண்டியில் கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்தோம். ஷிப்டு மாறும்போது கூடப் போகவர ஒரு துணை கிடைத்தது. நாள் கணக்கில் இரண்டு மூன்று முன்னே பின்னே இருந்தாலும், அவர் பொழுது ஷிப்டோடு சேர்ந்து சுற்றியது. நைட் ஷிப்டில் மற்றவர்கள் டீயாகக் குடித்துத் தூக்கத்தைத் துரத்தும்போது இவர் பாட்டுப் பாடிக்கொண்டு போல்ட்டு பொறுக்குவாராம். எனக்குத்தான் கஷ்டம். ஒரே வீட்டில் இருந்தும் சில வாரங்கள் நாங்கள் வாசலில் மட்டும் சந்தித்துக்கொண்டோம். நான் பள்ளிக்குக் கிளம்புவேன், அவர் வந்து படுப்பார். கோபமாகக்கூட இருக்கும். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாது.

இரண்டு வருஷம் கழித்து எங்களுக்கு மகள் பிறந்தாள். பிறந்த குழந்தைக்கு ராப்பகல் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. அவளுக்குள்ளே அந்தக் கடிகாரம் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லையா, அல்லது ஓடிக்கொண்டிருந்தும் சூரியனோடு பேசக் கற்கவில்லையா என்று யோசித்துக்கொண்டே பால் கொடுப்பேன். அவருக்கு அப்படி யோசனையெல்லாம் இல்லை. அவருக்குத் துணை கிடைத்துவிட்டது. ஊர் தூங்கும் வேளையில் அவள் விழித்துக் கையைக் காலை ஆட்டினால், அவரும் விழித்திருந்தால், தூக்கி மார்பில் போட்டுக்கொண்டு கம்பெனிக் கதையெல்லாம் சொல்வார். எங்களோடு வந்து தங்கிய மாமியார், "அப்பனும் பொண்ணும் ஒரே ஷிப்டு" என்பார்.

மூன்று நான்கு மாதம் அப்படிப் போனது. பிறகு அவள் மெல்ல மெல்ல இரவில் நீண்டு தூங்கவும், விடிந்ததும் விழிக்கவும் தொடங்கினாள். ஒருநாள் அவர் நைட் ஷிப்டு முடிந்து, காலையில் வீட்டுக்குள் நுழைந்தார். குழந்தை ஜன்னல் பக்கம் படுத்து, முகத்தில் வெயில் பட, சத்தம் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் பாயில் உட்கார்ந்து, தடவித் தடவி அவள் காலைப் பிடித்தார். வெயிலில் சூடாக இருந்திருக்க வேண்டும். கையை அங்கேயே வைத்திருந்தார்.

"ராவெல்லாம் தூங்கினாளா?"

"ஒரே தூக்கம்."

"அப்போ இவளும் உங்க கட்சிக்குப் பூட்டா," என்று சிரித்தார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, அவள் பக்கத்திலேயே, அந்தச் சத்தத்தின் நடுவிலேயே, படுத்து உடனே தூங்கிப்போனார்.